இரண்டு கிலோ விதையும் ஒரு தம்பியும்

ஒவ்வொரு வருடமும் நவம்பர் 2ஆம் தேதி ஒரத்தநாட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு சின்னக் கல்லறைத் தோட்டத்துக்குப் போகிறேன். நான் கிறிஸ்தவன் இல்லை. அன்றைக்குக் கல்லறைத் திருநாள். ஐப்பசி மழை பெரும்பாலும் விடாது. மெழுகுவத்தியை ஏற்றினால் காற்று அணைத்துவிடும். ஒரு அம்மா மறுபடி மறுபடி ஏற்றுவார்கள், நான் குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நிற்பேன். சுவருக்கு அந்தப்பக்கம் சம்பா நடவு வயல். அங்கே படுத்திருப்பவனுக்கு அந்த இடம் பிடித்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

அவன் பெயரை நான் இங்கே எழுதவில்லை. வீட்டாரின் விருப்பம் அது. 'தம்பி' என்றுதான் நான் கூப்பிடுவேன், இந்தக் கட்டுரையிலும் அப்படியே இருக்கட்டும். இறக்கும்போது அவனுக்கு வயது 29. ரத்தத்தோடு சம்பந்தப்பட்ட நிணநீர்ப் புற்றுநோய். இத்தனை நாள் இதை எழுதத் தயங்கினேன். காரணம், இதில் என்னுடைய தவறும் இருக்கிறது. நம் இயற்கை விவசாயிகள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய தவறு என்பதால் இப்போது எழுதுகிறேன்.

கடன் கொடுத்தவன் கற்றுக்கொண்ட கதை

1977லிருந்து 38 வருடம் வங்கி வேலை பார்த்தவன் நான். பாதிக்கு மேல் டெல்டாவின் கிராமக் கிளைகளில். பயிர்க்கடன் விண்ணப்பத்தில் உரத்துக்கு இவ்வளவு, பூச்சிமருந்துக்கு இவ்வளவு என்று கட்டம் போட்டிருக்கும். அந்தக் கட்டத்தை நிரப்பித்தான் கையெழுத்து வாங்குவேன். "சார், எனக்கு எருவு இருக்கு, உரம் வேணாம்" என்று சொன்ன ஒரு பெரியவரிடம், "அப்படின்னா கடன் தொகை குறையும், பரவால்லியா?" என்று கேட்டிருக்கிறேன். அவர் உரம் வாங்கினார்.

தஞ்சை ஜில்லா 1960களிலேயே 'பேக்கேஜ்' திட்ட மாவட்டம். ஏ.டி.டி. 27, ஐ.ஆர். 8 என்று குட்டை ரகங்கள் வந்தன. விளைச்சல் கூடியது உண்மை. பசி போனதும் உண்மை. கூடவே ஊர் ஊராக இருந்த பழைய நெல் காணாமல் போனதும் உண்மை. 2015ல் ஓய்வு பெற்று, அப்பா விட்டுப்போன மூன்று ஏக்கரில் இறங்கியபோது எனக்குத் தெரிந்த நெல்லெல்லாம் எண்களாகத்தான் இருந்தது.

முதல் வருடம் வரப்பில் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்து வயலில் ஒரு பையன் தக்கைப்பூண்டைப் பூக்கிறதுக்கு முன்னால் மடக்கி உழுதுகொண்டிருந்தான். டிப்ளமோ படித்துவிட்டுத் திருப்பூரில் இரண்டு வருடம் வேலை பார்த்து, அப்பா இறந்ததும் ஊருக்கு வந்தவன். ஒன்றேகால் ஏக்கர் சொந்தம், கொஞ்சம் குத்தகை. கழுத்தில் ஜெபமாலை, காதில் ஒரு பழைய ஹெட்போன்.

"சார், நீங்க அந்த பேங்க் மேனேஜர் தானே? எங்கப்பாவுக்கு ஆயில் இன்ஜின் கடன் நீங்கதான் குடுத்தீங்க."

"கட்டி முடிச்சாரா தம்பி?"

"கட்டி முடிச்சாரு சார். இன்ஜின்தான் முந்தியே முடிஞ்சு போச்சு."

அப்படித்தான் பழக்கம். அதற்குப் பிறகு என் வயலுக்கு ஆசிரியர் அவன்தான்.

நூறு சதவீத வட்டி

2016 கோடையில் திருத்துறைப்பூண்டிப் பக்கம் நடந்த நெல் திருவிழாவுக்கு என்னை அழைத்துக்கொண்டு போனான். அங்கேதான் 'நெல்' ஜெயராமனை நேரில் பார்த்தேன். நம் வாசகர்களுக்கு அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. திருத்துறைப்பூண்டி கட்டிமேடு ஊர்க்காரர். 2003ல் நம்மாழ்வார் ஐயா பூம்புகாரிலிருந்து கல்லணை வரை நடந்தபோது உழவர்களிடமிருந்து கிடைத்த பழைய ரகங்களைப் பெருக்கும் பொறுப்பை எடுத்துக்கொண்டவர். ஆதிரெங்கம் பண்ணையில் 2006ல் முதல் நெல் திருவிழா. கடைசியில் 174 பாரம்பரிய ரகங்கள் வரை மீட்டார். 

திருவிழாவில் ஒரு விவசாயிக்கு இரண்டு கிலோ விதை இலவசம். அடுத்த வருடம் நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். ஜாமீன் இல்லை, அடங்கல் இல்லை, நோட்டீஸ் இல்லை, ஜப்தி இல்லை. ஒரு நோட்டில் பெயர், ஊர். அவ்வளவுதான்.

"தம்பி, இது நூறு பர்சென்ட் வட்டி ஆச்சே! ரிசர்வ் பேங்குக்குத் தெரிஞ்சா விடமாட்டான்" என்றேன்.

"சார், நெல்லு கதிருக்கு நூறு மணி குடுக்குது. அது வட்டிக்கு மேல வட்டி. நாம அதுல நாலு கிலோ குடுக்குறதுக்கு என்னா?" என்று சிரித்தான்.

அன்றைக்கு அவன் மாப்பிள்ளைச் சம்பா வாங்கினான், நான் பூங்கார் வாங்கினேன். வேதத்தில் மண்ணில் விழுந்து மடியும் கோதுமை மணியைப் பற்றி ஒரு வசனம் உண்டாம். கோதுமையைப் பார்க்காத எங்கள் பக்கத்துக்கு அதை நெல்லாக மாற்றித்தான் அவன் பேசுவான். ஞாயிறு பூசைக்குத் தவறாமல் போவான். ஆனால் வயலில் யாரிடமும் மதம் பேச மாட்டான். ஆடிப்பெருக்கன்று எங்கள் வீட்டுச் சித்திரான்னம் அவனுக்குப் போகும், கிறிஸ்துமஸ் அன்று அவர்கள் வீட்டு அச்சுமுறுக்கு எங்களுக்கு வரும்.

இரண்டு கிலோவை அவன் எப்படிப் பெருக்கினான் என்பதைச் சொல்லிவிடுகிறேன், புதிதாக வருகிறவர்களுக்குப் பயன்படும். நல்ல கோழிமுட்டை மிதக்கிற அளவுக்கு உப்புக் கரைத்த தண்ணீரில் விதையைக் கொட்டுவான். மிதக்கிறதைத் தள்ளிவிட்டு, அமிழ்ந்ததை மட்டும் நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசுவான். பிறகு பத்து லிட்டர் தண்ணீருக்கு 300 மில்லி பஞ்சகவ்யம் கலந்து அதில் ஊறப்போடுவான். நாற்றங்காலில் நெருக்கமே கூடாது, பூத் தூவுகிற மாதிரி விதைக்க வேண்டும். 15 நாள் நாற்றைக் குத்துக்கு ஒன்றாக, அடிக்கு ஒன்றாக நடுவான். இரண்டு கிலோவில் ஏக்கரில் பெரும்பகுதியை நட்டுவிட்டான்.

மாப்பிள்ளைச் சம்பா ஏறக்குறைய 160 நாள் பயிர். ஆளுயரம் போகும், சாயும். "இதுக்கு ஊட்டம் அதிகமா போட்டா பாசம் அதிகமான பிள்ளை மாதிரி சார், சாஞ்சிடும்" என்பான். தக்கைப்பூண்டு மட்டும் போதும், மேலே எதுவும் வேண்டாம் என்பது அவன் கட்சி. கதிர் வந்த பிறகு தினமும் வயலுக்குள் இறங்கி, உயரத்திலோ கதிர் வாகிலோ மாறி நிற்கும் கலவனைப் பிடுங்குவான். விதைக்கு எடுக்கும் நெல்லை வயலின் நடுவிலிருந்துதான் அறுப்பான். வரப்போரத்து நெல் சோற்றுக்கு.

கஜாவுக்குப் பிறகு

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல். ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கத்து ஆட்களுக்கு அந்த இரவைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளை மாதிரி வளர்த்த தென்னைகள் வேரோடு கிடந்தன. என் வரப்பில் இருந்த 40 மரத்தில் 31 போயிற்று. வாரக்கணக்கில் கரண்ட் இல்லை.

மரம் அறுக்கத் தம்பி ரம்பத்தோடு வந்தான். அரை மணிக்கு ஒருமுறை உட்கார்ந்தான். அவன் அப்படி உட்காருகிற ஆள் இல்லை. துண்டால் கழுத்தைத் துடைத்தபோதுதான் பார்த்தேன், இடது பக்கம் கொட்டைப்பாக்கு அளவு ஒரு கட்டி.

"என்ன தம்பி இது?"

"ரெண்டு மாசமா இருக்கு சார். வலிக்கல. ராத்திரி காய்ச்ச மாதிரி வருது, வேர்த்து சட்டை நனைஞ்சிடுது. காலையில சரியாயிடுது."

வலிக்கவில்லை என்றதும் நானும் ஆறுதல் அடைந்தேன். அங்கேதான் தப்பு. எனக்குத் தெரிந்த ஒருவர் மூலிகை மருந்து கொடுப்பார். எந்தப் பட்டமும் இல்லாதவர். ஆனால் நம் கூட்டங்களில் எல்லாம் பேசுவார், எனக்கு அவர் மேல் மதிப்பு. நானே பைக்கில் உட்காரவைத்து அழைத்துப் போனேன். அவர் கட்டியைத் தொட்டுப் பார்த்தார். "உடம்புல நஞ்சு தேங்கியிருக்கு. ஒரு மண்டலம் சாப்பிடட்டும், கரைஞ்சிடும். ஆஸ்பத்திரிக்குப் போனா கத்தி வச்சிடுவான், அப்புறம் பரவிடும்" என்றார். நான் தலையாட்டினேன். நஞ்சில்லா உணவு என்று மேடையில் பேசுகிற எனக்கு அந்தப் பேச்சு பிடித்துப் போயிற்று.

மண்டலம் பாதி போயிருக்கும். டிசம்பர் 6ஆம் தேதி 'நெல்' ஜெயராமன் சென்னை மருத்துவமனையில் காலமானார் என்று செய்தி. அவருக்கும் புற்றுநோய்தான், வயது 50. அன்று சாயங்காலம் விழுந்த தென்னை ஒன்றின் மேல் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். தம்பி ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு சொன்னான்:

"அவரே ஆஸ்பத்திரிக்குத்தானே சார் போனாரு."

அவன் என்ன கேட்கிறான் என்று எனக்குப் புரிந்தது. புரியாத மாதிரி, "மண்டலம் முடியட்டும் தம்பி" என்றேன்.

இந்த ஒரு வாக்கியத்தைத்தான் நான் திரும்ப வாங்க நினைக்கிறேன். முடியவில்லை.

நாம் பேசாத விஷயம்

ஒரு மண்டலம் இரண்டு மண்டலம் ஆயிற்று. கட்டி கரையவில்லை, அக்குளிலும் வந்தது. ஆள் பத்துக் கிலோ குறைந்தான். கடைசியில் அவன் அம்மாதான் அழுது, பங்குச் சாமியாரிடம் சொல்லி, 2019 மார்ச்சில் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். கட்டியில் சதை எடுத்துப் பரிசோதித்தார்கள். ஹாட்ஜ்கின் வகை என்றார்கள்.

மருத்துவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு விளக்கினார். புற்றுநோய்களில் நன்றாகக் கேட்கக்கூடிய வகைகளில் இது ஒன்று, இளம் வயதுக்காரர்களுக்கு வரும், ஆரம்பத்தில் வந்தால் பெரும்பாலோர் பிழைத்துவிடுவார்கள். "ஏன் இவ்வளவு லேட்?" என்று கேட்டார். நான் வங்கியில் எத்தனையோ ஆய்வு அதிகாரிகளுக்குப் பதில் சொல்லியிருக்கிறேன். அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. முன்னாலேயே போயிருந்தால் நிச்சயம் பிழைத்திருப்பான் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அந்த மாதங்களை அவனிடமிருந்து எடுத்தவர்களில் நானும் ஒருவன்.

டீக்கடையில் ஒருவர் கேட்டார், "இயற்கை விவசாயம், பாரம்பரிய நெல்லுன்னு திரிஞ்ச ஜெயராமனுக்கும் கேன்சர், இந்தப் பையனுக்கும் கேன்சர். அப்புறம் என்னா இயற்கை?" கேலிதான், ஆனாலும் பதில் சொல்ல வேண்டிய கேள்வி.

பூச்சிமருந்துக்கும் புற்றுநோய்க்கும் தொடர்பே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015ல் லிண்டேனைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்றே அறிவித்தது. நிணநீர்ப் புற்றுநோயின் இன்னொரு பெரிய வகையோடு அதற்குத் தொடர்பு கண்டார்கள். அதே வருடம் களைக்கொல்லி கிளைபோசேட்டைப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளது என்ற பட்டியலில் சேர்த்தார்கள். நம் அப்பாக்கள் பி.எச்.சி. பவுடரை வெறுங்கையால் தூவினார்களே, அதற்குள் இருந்ததும் லிண்டேன்தான். ஆகவே நஞ்சை விடுவது நியாயம், நாம் செய்வது சரி.

ஆனால் இதெல்லாம் கூட்டத்துக்கு எவ்வளவு ஆபத்து என்று சொல்லும் கணக்கு. ஒரு தனி ஆளுக்கு வந்த நோயைக் காட்டி, இதனால்தான் வந்தது என்று விரல் நீட்ட முடியாது. பரம்பரை, கிருமி, வயது, காரணமே தெரியாத தற்செயல் என்று பலதும் உண்டு. கருப்புக் கவுனி சாப்பிடுகிறவருக்கும் வரலாம். நல்ல சோறு உடம்புக்குப் பலம், நோய் வந்த பிறகு அது மருந்து இல்லை. இதைச் சொன்னால் இயற்கை விவசாயத்துக்குக் கெட்ட பேர் என்று நம்மில் சிலர் நினைக்கிறோம். இதைச் சொல்லாமல் விட்டால்தான் கெட்ட பேர். ஆள் போனால் விதையை யார் காப்பாற்றுவது?

கையெழுத்துப் போடாத கடன்

15 நாளுக்கு ஒருமுறை ஊசி மருந்து. முடி கொட்டியது, வாயெல்லாம் புண். ஆனால் கட்டிகள் சுருங்கின. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்ததால் வயலை விற்காமல் தப்பித்தார்கள். 2019 ஆடியில் கொஞ்சம் தெம்பாக இருந்தான். விதைக்கோட்டையைப் பிரித்து எனக்கு இரண்டு கிலோ மாப்பிள்ளைச் சம்பா அளந்து கொடுத்தான். அந்த வருடம் அவனால் நட முடியாது.

"அடுத்த வருஷம் நாலு கிலோ சார். பேங்க்காரர்னு தள்ளுபடி எல்லாம் கிடையாது."

அந்த வருடம் மேட்டூர் தண்ணீர் ஆகஸ்டில்தான் திறந்தார்கள். கல்லணைக் கால்வாயில் நம் பக்கம் வந்து சேர இன்னும் நாளாயிற்று. அவன் சொன்னபடியே உப்புத்தண்ணி, பஞ்சகவ்யம், ஒற்றை நாற்று. ஐப்பசியில் அவனுக்கு நோய் திரும்பி வந்துவிட்டது. மார்கழியில் ஒருநாள் வயலைப் பார்க்க வேண்டும் என்றான். இரண்டு பேர் கைத்தாங்கலாகப் பிடித்து வரப்பில் நாற்காலி போட்டு உட்காரவைத்தோம். கதிர் பழுக்க ஆரம்பித்திருந்தது.

"கலவன் எடுத்தீங்களா சார்?"

"எடுத்தேன் தம்பி."

"அந்தா, மூணாவது வரிசையில ஒண்ணு நிக்குது பாருங்க."

நின்றது. இறங்கிப் பிடுங்கினேன். அவனுக்கு ஒரு சந்தோஷம்.

தை முடிவதற்குள் இறந்துவிட்டான். 2020. என் விதைநெல் களத்தில் காய்ந்துகொண்டிருந்தது. அடக்கத்துக்கு எல்லா சாதி, மத ஆட்களும் வந்திருந்தார்கள். அவனிடம் விதை வாங்கியவர்கள்தான் அதில் பாதி.

முப்பதாம் நாள் பூசைக்கு நான்கு கிலோ நெல்லைத் துணிப்பையில் கட்டிக்கொண்டு போனேன். அவன் அம்மா வாங்கிக்கொள்ளவில்லை. உள்ளே போய் ஒரு நீளமான கணக்கு நோட்டை எடுத்து வந்தார்கள்.

"எனக்குப் படிக்க வராது சார். இதுல என்னா இருக்குன்னு பாருங்க."

ரகம், பெயர், ஊர், கொடுத்தது, வந்தது என்று ஐந்து கட்டம். 23 பேர். சிலருக்கு நேரே 4 என்று எழுதி வட்டம் போட்டிருந்தான். சிலருக்கு நேரே வெறுமையாக இருந்தது. என் பெயருக்கு நேரேயும் வெறுமைதான். நானே 4 என்று எழுதி வட்டம் போட்டேன்.

"இந்த நாலு கிலோவை ரெண்டு பேருக்குக் குடுத்துடுங்க. நோட்டும் உங்ககிட்டயே இருக்கட்டும். நீங்கதான் பேங்க்ல இருந்தவங்க" என்றார்கள்.

இப்போது நான் செய்வது

இறந்தவர் பேரில் நம் பக்கத்து ஆட்கள் ஏதாவது செய்வது புதிதில்லை. ஒரத்தநாட்டில் நிற்கும் முத்தம்மாள் சத்திரம், இரண்டாம் சரபோஜி மன்னர் தான் நேசித்து இழந்த ஒரு பெண்ணின் நினைவாக 1802ல் கட்டியது. புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்தத் துக்கம்தான் 1954ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையாக வந்தது. ஜெயராமன் பெயரில் இன்று தமிழக அரசே பாரம்பரிய நெல் பாதுகாப்பு இயக்கம் நடத்துகிறது. எங்கள் தம்பிக்குச் சத்திரமும் இல்லை, மருத்துவமனையும் இல்லை. ஒரு நோட்டு இருக்கிறது.

ஆடிப்பெருக்குக்கு முந்தின ஞாயிறு அவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து விதை கொடுக்கிறோம். அந்த அம்மா அளப்பார்கள், நான் எழுதுவேன். 23 பேர் இப்போது 60 பேருக்கு மேல். திருப்பித் தராதவர்கள் வீட்டுக்கு நானே போவேன், பழைய வசூல் பழக்கம். ஒருவர் வீட்டில் விதைநெல்லைச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டார்கள். இன்னொருவருக்கு வெள்ளத்தில் போய்விட்டது. மறுபடி இரண்டு கிலோ கொடுத்துவிட்டு வந்தேன். வங்கியில் இருந்தபோது இப்படி ஒரு கடனைப் புதுப்பிக்க எனக்கு அதிகாரம் இல்லை.

விதை வாங்க வருகிற ஒவ்வொருவரிடமும் இன்னொன்றும் சொல்கிறேன். உங்களிடமும் சொல்கிறேன் நண்பர்களே. கழுத்திலோ அக்குளிலோ தொடை இடுக்கிலோ மார்பிலோ கட்டி வந்து மூன்று வாரத்துக்கு மேல் இருந்தால் மருத்துவமனைக்குப் போங்கள். வலிக்கவில்லை என்று சும்மா இருக்காதீர்கள், வலிக்காத கட்டியைத்தான் முதலில் காட்ட வேண்டும். காரணமில்லாமல் எடை குறைவது, ராத்திரியில் உடம்பு நனைய வேர்ப்பது, ஆறாத வாய்ப்புண், மாறிய மச்சம், நிற்காத இருமல், மலத்தில் ரத்தம், பெண்களுக்கு மாதவிலக்கு நின்ற பிறகு வரும் ரத்தப்போக்கு, இதில் எதுவானாலும் தள்ளிப்போடாதீர்கள். சதை எடுத்துப் பார்த்தால் நோய் பரவிவிடும் என்று பயமுறுத்துகிறவரை நம்பாதீர்கள். காப்பீட்டு அட்டை இல்லாதவர்கள் நோய் வருவதற்கு முன்னாலேயே எடுத்து வையுங்கள், குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை கிடைக்கும். சித்த மருத்துவம் பார்ப்பதானால் முறையாகப் படித்துப் பட்டம் பெற்றவரிடம் போங்கள். நோய் என்ன என்று பரிசோதனையில் தெரிந்துகொண்ட பிறகு போங்கள்.

போன வருடம் விதை வாங்க வந்த ஒரு பெண் இதைக் கேட்டுவிட்டு, தன் வீட்டுக்காரருக்கு நாக்கோரம் ஒரு புண் என்றார். மறுநாளே தஞ்சாவூருக்கு அனுப்பிவைத்தோம். சாதாரணப் புண்தான், கூரான பல் குத்தியது. பல்லைப் பிடுங்கியதும் சரியாயிற்று. இந்த ஆடியில் நான்கு கிலோவோடு அவரே வந்தார். "வீண் அலைச்சல் வச்சுட்டீங்க சார்" என்று சிரித்தார்.

வீண் அலைச்சலாகவே இருக்கட்டும். நோட்டில் அவர் பெயருக்கு நேரே 4 என்று எழுதி வட்டம் போட்டேன்.